நாகூர் ஜியாரத்தும் அண்டை வீட்டார் ஹக்கும்



ஜமாதுல் ஆகிர் தலைப்பிறை நெருங்குகிறது என்றாலே நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வீடுகளில் நாகூர்ப் பேச்சு எழுந்துவிடும். சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் பக்கங்களிலும் இதே நிலைதான். யார் யார் போவது, வேனுக்கு எவ்வளவு, எத்தனை நாள் தங்குவது, போன வருடம் நேர்ந்த நேர்ச்சையை இந்த வருடமாவது நிறைவேற்ற முடியுமா என்றெல்லாம் வீட்டுப் பெண்மக்கள் கணக்குப் போடுவார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்லர், பக்கத்து வீட்டு இந்துச் சகோதரர்களும் உடன் புறப்படுவதுண்டு.

இது சம்பந்தமாகச் சில குடும்பத்தார் நம்மிடம் கேட்ட கேள்விகள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் முதலில் எடுத்துக்கொள்வோம். “என் மகளுக்கு நோய் கண்டபோது, குணமானால் நாகூர் சென்று முடி இறக்கி, ஒரு கிடா அறுத்துச் சோறு கொடுப்பதாக என் மனைவி நேர்ந்துகொண்டாள். அல்லாஹ் குணமாக்கிவிட்டான். இப்போது கையில் பணம் இல்லை. நகையை அடகு வைத்துப் போகலாம் என்கிறாள். போகாவிட்டால் ஏதேனும் ஆகிவிடுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம். என்ன செய்வது?” என்பது ஒரு சகோதரரின் கேள்வி.

இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியன்று. இதில் ஜியாரத் உண்டு, நேர்ச்சை உண்டு, வட்டி உண்டு, அச்சமும் உண்டு. எனவே இதனைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

நாகூரார் யார்?

நாகூரில் அடங்கியிருக்கும் ஸையிது அப்துல் காதிர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்கள் வடநாட்டில் மாணிக்கப்பூரில் பிறந்தவர்கள். கௌதுல் அஃலம் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் வழித்தோன்றல். குவாலியரில் ஷத்தாரிய்யா தரீக்காவின் பெரியாராக விளங்கிய முஹம்மது கௌது (ரஹ்) அவர்களிடம் பைஅத்துப் பெற்று, பல ஆண்டுகள் பணிவிடை செய்து கற்றார்கள். ஹஜ்ஜை முடித்துப் பல நாடுகளைச் சுற்றி, இறுதியில் சோழமண்டலக் கரையை அடைந்தார்கள். தஞ்சை நாயக்க மன்னருக்கு இருந்த நோய் அவர்களுடைய துஆ பரக்கத்தால் நீங்கியதென்றும், மன்னர் அளித்த நிலத்திலேயே அவர்கள் தங்கினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. காரைக்கால் எல்லையை ஒட்டிய வாஞ்சூரிலும், நாகூர்க் கடற்கரையில் சில்லடி என்னும் இடத்திலும் தனித்திருந்து வணக்கம் புரிந்தார்கள். ஹிஜ்ரி 978ல், அதாவது கி.பி. 1570ல், ஜமாதுல் ஆகிர் பிறை 10ல் வஃபாத்தானார்கள். வளர்ப்பு மகனார் முஹம்மது யூசுப் (ரஹ்) அவர்களும், மருமகளார் சுல்தான் பீவி அம்மாள் அவர்களும் அருகிலேயே அடங்கியுள்ளனர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அவர்கள் ஓர் உஸ்தாதிடம் பல்லாண்டு பணிந்து கற்றவர்கள், ஹஜ்ஜுச் செய்தவர்கள், தொழுகையை ஒருபோதும் விடாதவர்கள். கராமத்துகளை மட்டும் கேட்டு மகிழ்ந்து, அவர்களுடைய இல்மையும் இபாதத்தையும் மறந்துவிடுவது அவர்களை மதிப்பதாகாது.

கப்ரைச் சுற்றி எழுந்த ஊர்

நாகூர் தர்காவுக்கு மினாராக்கள் ஐந்து. அவற்றுள் 131 அடி உயரமுள்ள பெரிய மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். இவர் 1739 முதல் 1763 வரை ஆண்டவர். ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலத்துக்கு இந்து மன்னர் மினாரா கட்டினார் என்பது வெறும் சரித்திரச் செய்தியன்று. அந்த ஊர் எப்படி உருவாயிற்று என்பதற்கு அதுவே அத்தாட்சி.

வெட்டாறு கடலில் கலக்கும் இடத்தருகே நாகூர் இருக்கிறது. பக்கத்து நாகப்பட்டினம் முதலில் போர்ச்சுகீசியரிடமும், 1658 முதல் டச்சுக்காரரிடமும் இருந்த காலத்தில் நாகூர் தஞ்சை மன்னரின் துறைமுகமாய் விளங்கிற்று. மரைக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து அச்சை, மலாக்கா, பினாங்கு எனக் கீழைக் கரைகளுக்குப் போய்வந்தன. கடலில் காற்றும் அலையும் எழும்போது மாலுமிகள் நாகூராரின் பொருட்டால் அல்லாஹ்விடம் கையேந்தினர். கரை சேர்ந்ததும் நன்றியோடு தர்காவுக்கு வந்தனர். போன இடங்களிலும் அவர்கள் பெயரால் நினைவிடம் எழுப்பினர். சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டிய நாகூர் தர்கா, 1974ல் அந்நாட்டின் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. பினாங்கிலும் ஒன்றுண்டு. இலங்கையில் கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியிலும் நாகூராரின் பெயரால் கொடியேறுகிறது.

இவ்வாறு ஒரு கப்ரைச் சுற்றி ஊர் எழுவது நாகூருக்கு மட்டும் உரியதன்று. டில்லியில் நிஜாமுத்தீன் அவ்லியா (ரஹ்) அவர்கள் வாழ்ந்த கியாஸ்பூர் கிராமம் இன்று அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ரயில் நிலையத்துக்குங்கூட அதே பெயர். 1325ல் அவர்கள் வஃபாத்தான பின் அவ்வடக்கத்தலத்தைச் சுற்றி வீடுகளும் கடைகளும் நெருக்கமாய் எழுந்து ஒரு பேட்டையாகிவிட்டன. அவர்கள் காலத்தில் வெட்டிய படிக்கிணறு இன்றும் அங்கே இருக்கிறது. சாகுல் ஹமீது நாயகத்தின் வாசலிலும் கடைத்தெரு, பூக்கடை, மிட்டாய்க்கடை, சத்திரம், பள்ளி, மத்ரஸா, மீனவர் குடியிருப்பு என ஓர் ஊரே வளர்ந்திருக்கிறது. கந்தூரிச் சடங்குகளோடு தொடர்புடைய ‘பீரோடும் தெரு’ என்ற பெயரும் ஊரில் நிலைத்துவிட்டது.

நாம் ஜியாரத்துக்குச் செல்லும்போது மினாராவைப் பார்க்கிறோம். இந்தத் தெருவைப் பார்ப்பதில்லை. அங்கே கைப்பிள்ளையோடு தூங்க முயலும் தாயுண்டு, பரீட்சைக்குப் படிக்கும் மாணவனுண்டு, நோயாளியுண்டு, அன்றாடம் கடலுக்குப் போகும் மீனவருண்டு. அவர்கள் அனைவரும் நாகூராரின் அண்டை வீட்டார். விருந்துக்குச் சென்றவர், விருந்து தந்தவரின் அண்டை வீட்டாரைத் துன்புறுத்தினால் விருந்து தந்தவருக்கு எப்படி இருக்கும் என்று சிந்தித்துப் பாருங்கள்.

ஜியாரத்: சுன்னத்தும் வரம்பும்

தொடக்கக் காலத்தில் கப்ரு ஜியாரத்தைத் தடுத்திருந்த நபி (ஸல்) அவர்கள், பின்னர் அத்தடையை நீக்கி ஜியாரத் செய்யச் சொன்னதை புரைதா (ரலி) அறிவிக்கிறார்கள், முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஜியாரத் மரணத்தையும் மறுமையையும் நினைவூட்டும் என்பதும் ஹதீதுகளில் வந்துள்ளது. எனவே ஜியாரத்தின் முதல் நோக்கம் நம் மௌத்தை நாமே நினைப்பது. கப்ருக்கு முன் நின்றும் ஒருவருக்குத் தம் மௌத்து நினைவுக்கு வரவில்லையாயின், அவர் ஊரைப் பார்த்தாரேயன்றி ஜியாரத் செய்யவில்லை.

முறை எளிது. ஒளுவுடன் செல்லுங்கள். கப்ராளிக்கு ஸலாம் சொல்லுங்கள். உயிரோடிருப்பவரிடம் எவ்வளவு அதபுடன் நிற்போமோ அவ்வளவு அதபுடன், அவர் முகத்துக்கு நேராக நில்லுங்கள். ஃபாத்திஹா, யாஸீன், குல்ஹுவல்லாஹு முதலியவற்றில் முடிந்ததை ஓதி, அதன் தவாபை ஹதிய்யா செய்யுங்கள். பிறகு அல்லாஹ்விடம் துஆக் கேளுங்கள். ‘யா அல்லாஹ், உன் நல்லடியாரின் பொருட்டால் என் தேவையை நிறைவேற்று’ என்று கேட்பது நம் சுன்னத் வல் ஜமாஅத் உலமாக்கள் ஆகுமாக்கிய வஸீலா. கொடுப்பவன் அல்லாஹ் ஒருவனே என்பதில் அணுவளவும் ஐயம் கூடாது.

இனி வரம்பு. கப்ருக்கு ஸஜ்தாச் செய்வது ஹராம். கைஸ் இப்னு ஸஃது (ரலி) அவர்கள் ஹீரா என்னும் ஊரில் மக்கள் தம் தலைவனுக்கு ஸஜ்தாச் செய்வதைக் கண்டுவந்து, தாங்களே அதற்கு மிகத் தகுதியானவர்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் சொன்னார்கள். அதற்கு நபியவர்கள், என் கப்ரைக் கடந்து சென்றால் அதற்கு நீர் ஸஜ்தாச் செய்வீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அவ்வாறாயின் செய்யாதீர் என்று தடுத்துவிட்டார்கள். இது அபூதாவூதில் உள்ளது. அண்ணலாரின் கப்ருக்கே கூடாதது வேறு எவருடைய கப்ருக்கு ஆகும்? கப்ரைத் தவாபு சுற்றுவதும் அவ்வாறே கூடாது. கஃபாவுக்கு மட்டுமே தவாபு உரியது.

பெண்களின் ஜியாரத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பொதுவாக மக்ரூஹ். நபிமார், வலிமார், ஸாலிஹீன்கள் கப்ருகளுக்கு விலக்குண்டென்று கூறிய இமாம்கள் உளர். ஹனஃபீ மத்ஹபில், ஒப்பாரியும் ஆண் பெண் கலப்பும் இல்லாதவாறு ஆகும் என்பது வலுவான சொல். ஆயின் கந்தூரி நெரிசலில் ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு போவதற்கு எந்த மத்ஹபிலும் அனுமதியில்லை. பெண்மக்களை அழைத்துச் செல்ல விரும்புவோர் கூட்டம் குறைந்த வேறு நாளில் செல்வது மேல். ஆண்டகை பத்தாம் பிறையில் மட்டும் நாகூரில் இல்லை. முந்நூற்று அறுபது நாளும் அங்கேதான் இருக்கிறார்கள்.

நேர்ச்சை மஸ்அலா

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம்.

நேர்ச்சை இபாதத்தாகும், இபாதத்து அல்லாஹ்வுக்கு மட்டுமே. ‘நாகூராருக்காக நேர்ந்தேன்’ என்று ஒருவர் சொல்லி, வலியே தருவார், வலிக்கே காணிக்கை என்று கருதினால் அந்த நேர்ச்சை செல்லாது, பாவமுமாகும். அல்லாஹ்வுக்காக நேர்ந்து, அவ்விடத்திலுள்ள ஏழைகளுக்கு உணவளித்து, அதன் தவாபை வலியவர்களுக்குச் சேர்ப்பதாகக் கருதினால் அது கூடும். ஹனஃபீ ஃபிக்ஹில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்களும், ஷாஃபிஈ ஃபிக்ஹில் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களும் இவ்வாறே கருத்தைப் பொறுத்துப் பிரித்துக் கூறுகின்றனர். நம் மக்களில் பெரும்பாலோர் உள்ளத்தில் இரண்டாவது கருத்தே இருக்கிறது, நாவுதான் தவறுகிறது. நாவையும் திருத்திக்கொள்ள வேண்டும்.

அச்சகோதரரின் மனைவி நேர்ந்ததில் மூன்று உள்ளன: பயணம், முடி இறக்குதல், சோறு கொடுத்தல். முடி இறக்குதல், ஹஜ்ஜு உம்ராவிலன்றி, இபாதத்தன்று. ஆதலின் அது நேர்ச்சையால் கடமையாகாது. தர்காவுக்குப் பயணம் போவதும் ஹனஃபீ மத்ஹபில் அவ்வாறே. ஏனெனில், எந்த வகையில் ஃபர்ளோ வாஜிபோ இருக்கிறதோ அவ்வகை அமல்தான் நேர்ச்சையால் கடமையாகும். எஞ்சியது ஏழைகளுக்குச் சோறு. இதுதான் கடமை.

அடுத்து, அந்தச் சோற்றை எங்கே கொடுப்பது? ஹனஃபீ மத்ஹபில், ஸதக்காவை நேரும்போது குறிப்பிட்ட இடமும் குறிப்பிட்ட ஏழையும் கட்டாயமாகிவிடுவதில்லை. நாகூரில் கொடுப்பதாக நேர்ந்தவர் கள்ளக்குறிச்சி ஏழைக்குக் கொடுத்தாலும் நிறைவேறிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில், ஓர் ஊரின் ஏழைகளுக்கென்று நேர்ந்தால் அவ்வூரார்க்கே சேர்க்க வேண்டும். ஆயினும் நாமே போக வேண்டியதில்லை. நம்பகமான ஒருவர் மூலம் அனுப்பினாலும் நிறைவேறும். அச்சகோதரர் ஹனஃபீ. ஆகவே வசதி ஏற்படும்போது தம் ஊரிலேயே கொடுத்துவிடலாம்.

கிடா நேர்வோர் இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள். நேர்ச்சைக் கிடாவின் இறைச்சியை நேர்ந்தவர் உண்ணக்கூடாது. அவருடைய மனைவி மக்களும், வசதியுள்ள உறவினரும் உண்ணக்கூடாது. அது ஏழைகளின் சொத்தாகிவிட்டது. நம்மவர் செய்வதென்ன? வேனில் கிடாவை ஏற்றிக்கொண்டு போய், சத்திரத்தில் சமைத்து, கூட வந்த முப்பது பேரும் வயிறார உண்டு, மீந்த சோற்றை வாசலில் நிற்கும் மிஸ்கீனுக்குக் கொடுக்கிறார்கள். இதனால் நேர்ச்சை நிறைவேறவில்லை. நேர்ச்சையன்றி, தவாபை ஹதிய்யா செய்யும் கருத்துடன் சமைக்கும் கந்தூரிச் சோறு வேறு. அதனை ஏழையும் பணக்காரரும் தபர்ருக்காக உண்ணலாம். ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் மௌத்தான தம் தாயாருக்காகத் தோட்டத்தை தர்மம் செய்ததும், நபியவர்கள் அது பயனளிக்கும் என ஒப்புக்கொண்டதும் புகாரியில் உள்ளன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நகையை வட்டிக்கு அடகு வைத்துப் போவது அறவே கூடாது. கடமையே ஆகாத ஒரு பயணத்துக்காக, அல்லாஹ்வும் ரஸூலும் போர் தொடுப்பதாக எச்சரிக்கப்பட்ட ஒரு பாவத்தில் இறங்குவதா? ‘போகாவிட்டால் ஏதேனும் ஆகிவிடும்’ என்ற பயத்தையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள். பிள்ளையின் உயிரும் நோயும் அல்லாஹ்வின் கையில். ஒரு வேன் வாடகை இல்லாத ஏழையை அவனுடைய நேசர் பழிவாங்குவார் என்று எண்ணுவது அந்த நேசரைப் பற்றிய தவறான எண்ணம். அடியார்மீது இரக்கம் கொண்டதால்தானே அவர் வலி ஆனார்!

வழியில் தொழுகை

கள்ளக்குறிச்சியிலிருந்து விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகூர் போவது நூறு மைலுக்கு மேற்பட்ட பாதை. ஆகவே இரு மத்ஹபுகளின்படியும் நாம் முஸாஃபிர்கள். லுஹர், அஸர், இஷாவின் நான்கு ரக்அத்து ஃபர்ளுகளை இரண்டாகச் சுருக்கித் தொழ வேண்டும். ஹனஃபீகளுக்கு இது வாஜிபு; ஷாஃபிஈகளுக்கு அனுமதி. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் முழுமையாகத் தொழ வேண்டும். ஷாஃபிஈகள் லுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் சேர்த்துத் தொழலாம்; ஹனஃபீகள் பயணத்தில் அவ்வாறு சேர்க்கலாகாது. பதினைந்து நாள் தங்கும் நிய்யத்து இருந்தால் ஹனஃபீகளும், வந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் தங்கும் நிய்யத்து இருந்தால் ஷாஃபிஈகளும் முழுமையாகத் தொழ வேண்டும்.

இதனை விரித்து எழுதக் காரணமுண்டு. இரவெல்லாம் சந்தனக்கூடு பார்த்துவிட்டு ஸுபுஹைத் தூக்கத்தில் விட்டவர் எத்தனை பேர்! சந்தனக்கூட்டைக் காணாவிட்டால் மறுமையில் கேள்வியில்லை. ஸுபுஹு தவறினால் கேள்வியுண்டு.

தெருவின் ஹக்கு

பாதையோரங்களில் உட்காருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தபோது, தோழர்கள் தங்களுக்கு வேறு இடமில்லை என்றனர். அவ்வாறாயின் பாதைக்கு அதன் ஹக்கைக் கொடுங்கள் என்று கூறி, அந்த ஹக்கு இன்னதென்றும் விளக்கினார்கள்: பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையை விலக்குவது. புகாரியிலும் முஸ்லிமிலும் இது உள்ளது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்பதும் முஸ்லிமில் வந்துள்ளது.

இதனை நாகூர்த் தெருவில் வைத்துப் பாருங்கள். பிறர் வீட்டு வாசலை அடைத்து வேனை நிறுத்துவது, எச்சில் இலைகளைத் தெருவில் எறிவது, சில்லடிக் கடற்கரையில் குளித்துவிட்டுப் பழந்துணிகளை விட்டுவருவது, விடியும்வரை ஒலிபெருக்கியை அலறவிடுவது, யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையில் அனுமதியின்றிப் படுப்பது ஆகிய ஒவ்வொன்றும் தெருவின் ஹக்கை மறுப்பதுதான். தவாபுக்காகப் போய், பிறர் ஹக்கைச் சுமந்து திரும்பலாமா? அல்லாஹ்வின் ஹக்கை அவன் மன்னிக்கக்கூடும். அடியார் ஹக்கை அந்த அடியார்தான் மன்னிக்க வேண்டும். அவர் யாரென்றே நமக்குத் தெரியாதே!

தெருவாருக்கும் ஹக்கு உண்டு, கடமையும் உண்டு. வந்தவர் வெளியூரார் என்பதற்காக ஒன்றுக்கு மூன்றாக விலை கூறுவது, எடையில் குறைப்பது, துஆ ஓதுகிறோம் என்று கையைப் பிடித்திழுத்துப் பணம் கேட்பது, தராவிட்டால் சாபமிடுவதுபோல் முணுமுணுப்பது ஆகியவை எந்தத் தர்காவைச் சுற்றி நடந்தாலும் ஹராம். அளவையில் மோசம் செய்வோரைக் குறித்துக் குர்ஆனில் தனி ஸூராவே உண்டு. விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானைச் சேர்ந்தது. அதிலும் வலியின் விருந்தாளி!

இந்தத் தெருவின் சிறப்பு வெளிப்பட்ட ஒரு நாளையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26ல் கடல் பொங்கி வந்தபோது, நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாகூரை ஒட்டிய பட்டினச்சேரி போன்ற மீனவக் குடியிருப்புகள் அடிபட்டன. அன்று தர்காவில் அடைக்கலம் புகுந்தவர்களிடம் யாரும் மதம் கேட்கவில்லை. மாண்டவர்களை அடக்க தர்கா நிலம் திறந்தது. இந்துக்களும் முஸ்லிம்களும் பக்கத்தில் பக்கத்தில் அடங்கினர். நாகூராரின் கராமத்து எது என்று கேட்போருக்கு, நானூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தம் தெருவாரிடம் இத்தகைய குணத்தை விட்டுவைத்ததே கராமத்து என்போம்.

நோயாளியின் ஹக்கு

தர்காக்களைச் சுற்றியுள்ள தெருக்களில் மற்றொரு கூட்டமும் உண்டு. மனநோய் கண்டவர்களைச் ‘சைத்தான் கோளாறு’ என்று கொண்டுவந்து விட்டுப் போகிறார்கள். சில நாள் தங்கித் துஆச் செய்து அழைத்துப் போவோர் உண்டு. விட்டுவிட்டு வராமலே போய்விடுவோரும் உண்டு.

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் சுல்தான் ஸையிது இப்ராஹீம் ஷஹீது (ரஹ்) அவர்கள் அடங்கியிருக்கும் தர்காவைச் சுற்றி, இத்தகையோரை வைத்துப் பணம் வாங்கும் தனியார் காப்பகங்கள் முளைத்திருந்தன. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலை அவற்றுள் ஒரு கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர். அந்தச் சங்கிலியை வலியவர்கள் பூட்டவில்லை. காசுக்காகப் பூட்டினார்கள்; கைகழுவிய குடும்பத்தார் பார்க்க வரவில்லை. பின்னர் உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை அறவே தடைசெய்கிறது.

நோய்க்கு மருத்துவம் பாருங்கள், அல்லாஹ் நோயை இறக்கியபோது மருந்தையும் இறக்கியிருக்கிறான் என்ற கருத்தில் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அறிவிக்கும் ஹதீது அபூதாவூதிலும் திர்மிதீயிலும் உள்ளது. ஆகவே மருந்து தவக்குலுக்கு மாறன்று. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஏர்வாடித் தர்காவிலேயே பின்னர் மனநல மருத்துவர்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. நம் வீட்டில் ஒருவருக்கு இரவில் தூக்கமில்லை, தனக்குத்தானே பேசுகிறார், காரணமின்றி அழுகிறார் என்றால், முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மாத்திரையைக் கொடுத்துக்கொண்டே ஓதிப் பாருங்கள், ஜியாரத்துக்கும் அழைத்துப் போங்கள். ‘இனி மாத்திரை வேண்டாம்’ என்று யார் சொன்னாலும், அவர் தலைப்பாகை எவ்வளவு பெரிதாயிருந்தாலும், கேளாதீர்கள். எக்காரணம் கொண்டும் உங்கள் இரத்த உறவை வேற்றூர்த் தெருவில் விட்டுவராதீர்கள்.

நம் தெரு

இறுதியாக நம் ஊருக்குத் திரும்புவோம். அண்டை வீட்டார் ஹக்கைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் திரும்பத் திரும்ப வலியுறுத்தியதால், அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று தாம் எண்ணியதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். குழம்பு வைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்கும்படி அபூதர் (ரலி) அவர்களுக்கு உபதேசித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, நம் அண்டை வீட்டு யூதருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார்கள். ஜிப்ரீல் (அலை) அவர்களின் வலியுறுத்தல் பற்றிய ஹதீதையே அதற்கு ஆதாரமாகவும் காட்டினார்கள். அண்டை வீட்டார் ஹக்கில் மதம் பார்ப்பதில்லை என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டியதில்லை.

2024 ஜூன் மாதத்தில் நம் கள்ளக்குறிச்சி நகரிலேயே, கருணாபுரத்திலும் சுற்றுப்பக்கத்திலும், விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். குடித்தவர் மாண்டார், குடிக்காத மனைவியும் மக்களும் நிர்க்கதியாயினர். மது எல்லாத் தீமைகளுக்கும் தாய் என்று நாம் மிம்பரில் சொல்லுவது உண்மை. ஆனால் அந்தத் தாய் விட்டுச்சென்ற அநாதைகளின் ஹக்கையும் மிம்பரில் சொல்ல வேண்டும். அந்தத் தெரு, ஜும்ஆ முடிந்து நாம் நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் இருக்கிறது.

ஆதலின் வாசகர்களே, வசதியுள்ளவர் நாகூர் செல்லுங்கள்; ஜியாரத் சுன்னத். அதபுடன் சென்று, தெருவின் ஹக்கைப் பேணி, தொழுகையைத் தவறவிடாமல் திரும்புங்கள். வசதியில்லாதவர் கடன் வாங்க வேண்டாம். வட்டியின் பக்கம் திரும்ப வேண்டாம். வீட்டிலிருந்தபடியே ஃபாத்திஹா ஓதி ஹதிய்யா செய்யுங்கள். தவாபுக்கு வேன் வாடகை இல்லை. ஹனஃபீகளே, நாகூரில் கொடுப்பதாக நேர்ந்த ஒரு வேளைச் சோற்றை, தகப்பனை இழந்த பிள்ளைகள் இருக்கும் நம் பக்கத்துத் தெருவில் கொடுத்து, அதன் தவாபை நாகூராருக்குச் சேருங்கள். நேர்ச்சையும் நிறைவேறும், அண்டை வீட்டார் ஹக்கும் நிறைவேறும்.

அந்தச் சகோதரருக்கும் இதையே சொன்னோம். ‘அவ்வளவுதானா?’ என்றார். அவ்வளவுதான். மார்க்கம் எளிதாகவே இருக்கிறது.

யா அல்லாஹ்! உன் நேசர்களின் மீது எங்களுக்கு முஹப்பத்தைத் தருவாயாக. அவர்கள் உன்னை நேசித்தது போல் உன்னை நேசிக்கவும், அவர்கள் உன் படைப்புக்கு இரங்கியது போல் இரங்கவும் தவ்ஃபீக் செய்வாயாக. எங்கள் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், கடனாளிகளுக்கு விடுதலையையும், அநாதைகளுக்கு ஆதரவையும் தந்தருள்வாயாக. எங்கள் கையாலும் நாவாலும் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் காப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.